ஒரே நாளில் எடை போடுகிறேன், குட்டிகளின் வயது வேறு வேறு: எதை வைத்து ஒப்பிடுவது?

ராசிபுரம்_பட்டி (பிப்ரவரி முதல் வாரம்)

எல்லோருக்கும் வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் சேலம் கருப்பு வெள்ளாடு வளர்க்கிறோம். பகலில் மேய்ச்சல், இரவில் கொட்டில், குட்டிகளுக்கு மட்டும் சாயங்காலம் கொஞ்சம் அடர்தீவனம். மழைக்காலத்தில் பிறந்த குட்டிகளுக்கு இந்த முறை காது வில்லை போட்டு, பிறந்த தேதி, பிறப்பு எடை, தாய் எது, ஒற்றையா இரட்டையா என்று எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு நாள் காலையில் எல்லாக் குட்டியையும் தொங்கு தராசில் போட்டு எடை எடுக்கிறேன்.

சிக்கல் இதுதான். அடுத்த பொலிகிடாவை (இனவிருத்திக்கு விடும் கிடாவை) என் பட்டியிலிருந்தே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். எடை போடும் நாளில் ஒரு குட்டிக்கு 83 நாள், இன்னொன்றுக்கு 104 நாள். நோட்டைப் பார்த்தால் 9-ம் எண் கிடாக்குட்டி (ஒற்றை, பிறப்பு எடை 2.6 கிலோ) 104 நாளில் 11.4 கிலோ. 11-ம் எண் (இதுவும் ஒற்றை, பிறப்பு எடை 2.4) 96 நாளில் 10.1 கிலோ. 14-ம் எண் (இரட்டையில் ஒன்று, பிறப்பு எடை 1.9) 83 நாளில் 8.6 கிலோ. கூடப் பிறந்த பெட்டை 1.8-ல் பிறந்து அதே நாளில் 7.5 கிலோ.

வருகிற வியாபாரி, பார்க்கிற உறவினர் எல்லோரும் 9-ஐத்தான் கை காட்டுகிறார்கள். நிற்கும்போது அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அது 14-ஐவிட மூன்று வாரம் மூத்தது, பாலையும் தனியாகக் குடித்து வளர்ந்தது. இதையெல்லாம் கழித்துப் பார்க்க ஒரு நியாயமான வழி இருக்கிறதா? ஒவ்வொரு குட்டியையும் அதது சரியாக 90 நாள் முடிக்கும் நாளில் பிடித்து எடை போடுவது எனக்குச் சாத்தியமில்லை, வீட்டில் ஆள் இல்லை.

---

கால்நடை_மாணவி

அண்ணா, நோட்டு இவ்வளவு சுத்தமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. தினமும் ஒரு குட்டியைப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் போட்ட எடையைக் குறித்த வயதுக்குக் கொண்டுவர எளிய கணக்கு இருக்கிறது.

இன்றைய எடையில் பிறப்பு எடையைக் கழியுங்கள். வருவதை வயது நாட்களால் வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி கிடைக்கும். அதை 90-ஆல் பெருக்கிப் பிறப்பு எடையைத் திரும்பச் சேர்த்தால் 90 நாள் எடை. உங்கள் 9-ம் எண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம்: 11.4-ல் 2.6 போனால் 8.8, அதை 104-ஆல் வகுத்தால் நாளுக்கு சுமார் 85 கிராம், 90 நாளுக்கு 7.6, அதோடு 2.6 சேர்த்தால் 10.2 கிலோ. இதே மாதிரி 11-ம் எண்ணுக்கு 9.6, 14-ம் எண்ணுக்கு 9.2, அதன் தங்கைக்கு 8.0 வருகிறது.

தராசில் 9-க்கும் 14-க்கும் 2.8 கிலோ வித்தியாசம் இருந்தது. வயதைச் சமன் செய்ததும் அது ஒரு கிலோதான். மீதி 1.8 கிலோ வெறும் வயது வித்தியாசம், குட்டியின் திறமை இல்லை.

நம் நாட்டில் ஆராய்ச்சிப் பண்ணைகளில் ஆடுகளுக்குப் பிறப்பு, 3 மாதம், 6 மாதம், 9 மாதம், 12 மாதம் என்று எடை எடுப்பது வழக்கம். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கேயும் இந்த வயதுகள்தான் அளவு. அமெரிக்காவில் மாட்டுக் கன்றுகளுக்கு 205 நாள், 365 நாள் என்றும், ஆஸ்திரேலியாவில் 200, 400, 600 நாள் என்றும் வைத்திருக்கிறார்கள். இனத்துக்கும் வளர்ப்புக்கும் ஏற்ப நாள் மாறும், ஆனால் எல்லோரும் ஒரு வயதைக் குறித்துக்கொண்டு அதற்கு எடையைக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு, குட்டி தினமும் ஒரே அளவு வளர்கிறது என்று வைத்துக்கொண்டு போடுவது. 75-லிருந்து 105 நாள் வரை எடுத்த எடைக்கு அது பரவாயில்லை. 50 நாளில் எடை போட்டு 90-க்கு நீட்டினாலோ, 140 நாளில் போட்டுப் பின்னுக்கு இழுத்தாலோ வருகிற எண்ணை நம்பாதீர்கள். பால் மறந்த பிறகு வளர்ச்சியின் வேகமே வேறு.

---

மேச்சேரி_மேய்ச்சல்

கணக்கு சரிதான் தம்பி, ஆனால் 10.2-ஐயும் 9.2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது. ஒற்றைக்குட்டியும் இரட்டைக்குட்டியும் ஒரே போட்டியில் இல்லை. ஒரு மடிப் பாலை ஒன்று குடிப்பதும் இரண்டு பங்கு போடுவதும் எப்படிச் சமமாகும்? நான் வைத்திருப்பது செம்மறி, இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

நான் செய்வது இது. கிடா தனி, பெட்டை தனி. அதிலும் ஒற்றை தனி, இரட்டை தனி. ஒரே பருவத்தில் பிறந்ததை மட்டும் ஒன்றோடொன்று பார்ப்பேன். ஐப்பசியில் பிறந்த குட்டிக்குத் தாய் மேய்ந்தது பசும்புல், மாசியில் பிறந்ததற்குக் காய்ந்த சருகு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மழையை எடை போட்டதாகத்தான் ஆகும். அப்புறம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சராசரி எடுத்து, குட்டியின் எடையை அந்தச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குவேன். 100-க்கு மேல் போனால் தன் கூட்டத்தில் முந்துகிறது, கீழே இருந்தால் பிந்துகிறது.

உங்கள் பட்டியில் இரட்டைக் கிடாக்குட்டிகளின் 90 நாள் சராசரி என்ன, ஒற்றையின் சராசரி என்ன? அதைப் போடுங்கள், பிறகு பேசலாம்.

முதல் ஈத்து (முதல் முறை குட்டி போட்ட) ஆட்டின் குட்டியா, மூன்றாம் ஈத்தா என்பதையும் எழுதுங்கள். முதல் ஈத்தில் பால் குறைவு, குட்டியும் சின்னதாகவே விழும். வெளிநாட்டில் இதற்கெல்லாம் இத்தனை சதவீதம் கூட்டு, குறை என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் ஆட்டை வைத்துப் போட்டது, நம் கருப்பாட்டுக்கு அப்படியே எடுத்துப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒத்ததை ஒத்ததோடு வைத்துப் பார்த்தாலே போதும்.

---

ராசிபுரம்_பட்டி

ரொம்ப நன்றி ஐயா, நன்றி மாணவி. ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டேன். ஒற்றைக் கிடாக்குட்டிகளின் 90 நாள் சராசரி 9.8 கிலோ. இரட்டைக் கிடாக்குட்டிகளின் சராசரி 8.1 கிலோ. அப்படியானால் 9-ம் எண் 104, 11-ம் எண் 98, 14-ம் எண் 114 வருகிறது. மூன்றின் தாயும் மூன்றாம் அல்லது நான்காம் ஈத்து, அதனால் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

கூட்டத்தில் சின்னதாகத் தெரிகிற 14 முன்னால் வருகிறதே. அதைத்தான் எடுக்கலாமா?

---

வைப்பாற்றுக்கரை

அவசரப்படாதீர்கள். மூன்று மாத எடையை வைத்துக் கிடா எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று மாதம் வரை குட்டியின் எடையில் பெரும்பங்கு தாயின் பால். நல்ல மடி உள்ள ஆட்டின் குட்டி எப்படியும் கொழுகொழுவென்று இருக்கும். அந்த எடை உங்களுக்குத் தாயைப் பற்றிச் சொல்கிறது. குட்டி தன் வாயால் மேய்ந்து தன் வயிற்றால் செரித்து எவ்வளவு போடுகிறது என்பது பால் மறந்த பிறகுதான் தெரியும். ஆறு மாத எடை வரும்வரை மூன்றையும் வைத்திருங்கள், முடிந்தால் ஒன்பது மாதம் வரை. எங்கள் பக்கம் கன்னி இன ஆட்டில் பால் குடிக்கும்வரை முன்னால் ஓடிய குட்டி, மறக்கடித்ததும் அப்படியே நின்றுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்காக மூன்று மாத எடையைத் தூக்கிப் போட வேண்டாம். அதைத் தாயின் கணக்கில் எழுதுங்கள். 14-ம் எண்ணின் தாய் ஒரே ஈத்தில் 9.2-ம் 8.0-மாக 17.2 கிலோ குட்டியைக் கொடுத்திருக்கிறாள். 9-ம் எண்ணின் தாய் கொடுத்தது 10.2. சினைக்காலம் ஐந்து மாதம், நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து. அப்படிப் பார்த்தால் இந்த இரண்டு ஆட்டுக்கும் இடையில் வருகிற வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஆடு வளர்ப்பவர்கள் கிடாவின் உருவத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குத் ஒரு தாய் பால் மறக்கும்வரை வளர்த்துக் கொடுத்த குட்டிகளின் மொத்த எடையைப் பற்றிப் பேசுவதே இல்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். சந்தையில் ஒற்றைக்குட்டி எடுப்பாகத் தெரிகிறது என்று அதன் தாயை வைத்துக்கொண்டு, "குட்டி வாடலா இருக்கு" என்று இரட்டை போட்ட தாயை விற்கிறார்கள். இப்படியே போனால் சில வருடத்தில் பட்டியில் இரட்டை போடும் ஆடே குறைந்துவிடும்.

---

பரண்_பண்ணை

எடை போடும் முறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ராசிபுரம் அண்ணன், நீங்கள் காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன் போடுகிறீர்களா, பின் போடுகிறீர்களா? 10 கிலோ குட்டி மேய்ந்து தண்ணீர் குடித்து வந்தால் தராசில் அரைக் கிலோவுக்கு மேலேயே கூடக் காட்டும். ஒரு மாதம் வெறும் வயிற்றில், மறுமாதம் தண்ணீர் குடித்த பிறகு என்று போட்டால் நீங்கள் பார்க்கும் வளர்ச்சி தண்ணீர்தான்.

எங்கள் பண்ணையில் முந்தின இரவு அடைத்ததோடு சரி, காலையில் தீவனம், தண்ணீர் எதுவும் வைக்கும் முன் எடை. பால் குடிக்கும் குட்டியைப் பட்டினி போடக்கூடாது, அதனால் எல்லாவற்றையும் காலையில் ஒரே நேரத்தில் தாயிடமிருந்து பிரித்து உடனே போட்டுவிடுவோம். பிறப்பு எடை என்றால் ஈரம் காய்ந்த பிறகு, அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து எடுத்தால் சீம்பால் குடித்த எடையும் அதில் சேர்ந்துவிடும்.

தொங்கு தராசை ஒவ்வொரு முறையும் முதலில் முத்திரையிட்ட 10 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சாக்கில் போட்டுத் தொங்கவிட்டால் சாக்கு எடையைக் கழியுங்கள், சாக்கு நனைந்திருந்தால் அதுவும் மாறும். குட்டி துள்ளும்போது எண் ஓடும், அடங்கும்வரை பொறுத்து எழுதுங்கள்.

சிலர் டேப்பில் அளந்து எடை சொல்வார்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும் (எல்லாம் சென்டிமீட்டரில்). சந்தையில் ஆடு வாங்கும்போது ஏமாறாமல் இருக்க, மருந்து அளவு பார்க்க அது உதவும். அரைக் கிலோ வித்தியாசத்தில் கிடா தேர்ந்தெடுக்கும் இடத்தில் அதை நம்ப முடியாது.

---

ராசிபுரம்_பட்டி

விடியற்காலையில் வெறும் வயிற்றில்தான் போடுகிறேன் தம்பி, எப்போதும் அதே தராசு, அதே நேரம். படிக்கல் வைத்துச் சரிபார்ப்பதை இனிமேல் சேர்த்துக்கொள்கிறேன். வைப்பாற்றுக்கரை அண்ணா சொன்னபடி மூன்று கிடாவையும் விற்காமல் வைத்திருக்கிறேன், ஆறு மாதம் ஆனதும் வந்து எழுதுகிறேன்.

---

பழைய_கிடாரி

எண் மட்டுமே பார்க்கிறீர்களே என்று சொல்லத்தான் வந்தேன். எங்கள் தாத்தா காலத்தில் தராசு கிடையாது, ஆனாலும் நல்ல கிடா எடுத்தார்கள். கால் நேராக ஊன்றுகிறதா, நெஞ்சு அகலமா, மேல் தாடையும் கீழ்த்தாடையும் ஒத்து உட்காருகிறதா, விரை இரண்டும் இறங்கி ஒரே அளவில் இருக்கிறதா, இதையெல்லாம் எந்தத் தராசும் சொல்லாது.

---

கால்நடை_மாணவி

ஐயா சொல்வது முழுக்க உண்மை. விரை இறங்காத கிடா எவ்வளவு எடை போட்டாலும் பொலிக்கு ஆகாது, தாடை கோணலாக இருந்தால் அந்தக் குறை குட்டிக்கும் போகலாம். முதலில் கண்ணால் பார்த்துக் குறை உள்ளதை ஒதுக்கிவிட்டு, மீதியை எடையால் வரிசைப்படுத்துவது நல்லது. கண்ணால் முடியாதது ஒன்றுதான்: மூன்று வார வயது வித்தியாசத்தை மனதில் கழித்துப் பார்ப்பது. வாங்கி வந்த ஆட்டுக்குப் பல்லைப் பார்த்து வயது சொல்கிறோம், ஆனால் பால் பல் விழுவதே ஒரு வயதுக்கு மேல்தான். மூன்று மாதம், நான்கு மாதக் குட்டிக்குப் பல் உதவாது, பிறந்த தேதி எழுதியிருந்தால்தான் உண்டு.

இன்னொன்று, எடை குறைவதற்கு நோயும் காரணமாக இருக்கலாம். கழிச்சல் வந்தது, குடற்புழு மருந்து கொடுத்தது, ஆட்டுக்கொல்லி தடுப்பூசி, துள்ளுமாரி தடுப்பூசி போட்ட தேதி எல்லாம் எடைக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் எல்லாக் குட்டியும் ஒன்றாகச் சறுக்கினால் அது தீவனம் அல்லது புழு. ஒன்று மட்டும் சறுக்கினால் அதைத் தனியாகப் பிடித்துக் கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள், வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் புழுவாக இருக்கும்.

---

ராசிபுரம்_பட்டி (ஜூன்)

சொன்னபடி வந்துவிட்டேன். மே தொடக்கத்திலும் ஜூன் தொடக்கத்திலும் எடுத்த எடையை வைத்து 180 நாளுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இந்த முறை பிறப்பு எடையிலிருந்து கணக்குப் போடவில்லை, 180-க்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு எடையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

14-ம் எண் 173 நாளில் 13.9, 203 நாளில் 15.7. நடுவில் நாளுக்கு 60 கிராம், ஏழு நாளுக்கு 0.4, ஆக 180 நாளில் 14.3 கிலோ.
9-ம் எண்ணுக்கு 180 நாள் ஆனது மே மாத எடைக்கு முன்பே, அதனால் அதற்கு ஏப்ரல், மே எடை: 164 நாளில் 13.7, 194 நாளில் 15.0, ஆக 14.4 கிலோ.
11-ம் எண்ணுக்கும் அப்படியே: 156 நாளில் 12.4, 186 நாளில் 13.7, ஆக 13.4 கிலோ.

மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை 9-ம் எண் 4.2 கிலோ போட்டிருக்கிறது, 11-ம் எண் 3.8, 14-ம் எண் 5.1. மூன்றும் ஒரே மேய்ச்சல், ஒரே தீவனம், ஒரே நாளில் புழு மருந்து. கோடை நடுவில் வந்ததால் எல்லாவற்றின் வேகமும் முன்பைவிடக் குறைந்துதான் இருக்கிறது.

வியாபாரி போன வாரமும் வந்து 9-க்குத்தான் விலை கேட்டார். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், உங்கள் கருத்து என்ன?

---

வைப்பாற்றுக்கரை

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உயிர் எடைக்குப் பேசிக் கொடுங்கள், மதிப்பு விலைக்கு வேண்டாம். கையில் தராசும் நோட்டும் இருக்கிறபோது கண் மதிப்புக்கு ஏன் இறங்க வேண்டும்?

14 ஆறு மாதத்தில் ஒற்றைக்குட்டியை எட்டிப் பிடித்துவிட்டது, அதுவும் பாதிப் பாலில் வளர்ந்து. மறந்த பிறகு மூன்றில் அதிகம் போட்டதும் அதுதான். பங்கு போட்டுக் குடித்த குட்டி தீவனம் கிடைத்ததும் விட்டதைப் பிடிப்பது உண்டு, அதையும் மனதில் வையுங்கள், அதனால் ஒன்பது மாத எடையையும் எடுத்து உறுதி செய்யுங்கள். தாய் இரட்டை போடுகிறவள் என்பதால் கூடுதலாக ஒரு படி. பழைய கிடாரி ஐயா சொன்ன கால், தாடை, விரை எல்லாம் பார்த்தீர்களா?

---

ராசிபுரம்_பட்டி

கால்நடை மருத்துவரை வைத்தே பார்த்தேன் அண்ணா, குறை எதுவும் இல்லை என்றார். ஒரே ஒரு கேள்வி பாக்கி. 14-ன் தங்கைப் பெட்டையும் நன்றாக வந்திருக்கிறது, அதையும் வைத்துக்கொள்ள ஆசை. ஒரே பட்டியில் இரண்டையும் வைக்கலாமா?

---

மேச்சேரி_மேய்ச்சல்

வைக்கலாம், ஆனால் 14 அந்தத் தங்கை மேலும் தாய் மேலும் ஏறக்கூடாது. ஒரே பட்டியில் சேர்த்து விட்டுவிட்டு இதை மட்டும் தடுக்க யாராலும் முடியாது. கிடாவை இப்போதே தனியாகப் பிரித்துக் கட்டுங்கள். பக்கத்து ஊரில் உங்களைப் போல் நோட்டு எழுதும் ஒருவரைப் பிடித்து, அவருடைய கிடாவை நீங்கள் வாங்கி, 14-ஐ அவருக்குக் கொடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படி மாற்றிக்கொண்டால் நெருங்கிய இரத்த உறவுக்குள் சேர்க்கையும் நடக்காது, இரண்டு பேர் பட்டியிலும் நல்ல கிடா ஓடும். மாற்றும்போது குட்டியோடு அதன் 90 நாள், 180 நாள் எடையையும், எந்தக் கூட்டத்தோடு வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவரிடமும் அதையே கேட்டு வாங்குங்கள். தங்கையை 12 மாத எடை பார்த்துவிட்டுப் புதுக்கிடாவோடு சேர்த்தால் போதும்.